டவுன்ஷிப்பை நகரியம் ஆக்கியது யார்?

போன வாரம் அமெரிக்க வரலாறு பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ்க் குரலில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒஹாயோ ஆற்றங்கரை. அடர்ந்த காடு. நாலைந்து பேர் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு புதருக்குள் போகிறார்கள். குரல் சொல்கிறது: “அரசு இங்கே வரிசையாக நகரியங்களை அமைத்தது.” கூரை இல்லை, தெரு இல்லை, ஒரு டீக்கடைக்கு வழியில்லை. எங்கே ஐயா நகரியம்?

இந்த ஆண்டில் இது எனக்கு மூன்றாவது முறை. முதலில் ஒரு கட்டுரையில் படித்தேன், அப்புறம் ஒரு பாடக்குறிப்பில். மூன்றிலும், அமெரிக்க நில அளவையில் ஒரு சதுரத்தைக் குறிக்கும் டவுன்ஷிப் என்ற சொல் கண்ணில் பட்டதும் கை தானாக நகரியத்துக்குப் போயிருக்கிறது. தமிழில் நகரியம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது நெய்வேலி. அல்லது கல்பாக்கம். எண்ணிட்ட தொகுப்பு வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாயங்காலம் சங்கு. அந்தப் படத்தோடு ஒருவர், மேற்கு நிலத்தை அளந்து விற்க வந்த 1785-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தால் அமெரிக்க அரசு காட்டுக்குள் குடியிருப்பு கட்டிக் கொடுத்தது என்றுதான் நினைப்பார். அரசு ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. கோடு போட்டது, படம் வரைந்தது, ஏலம் விட்டது. அவ்வளவுதான்.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று பார்த்துவிடுவோம். பழைய ஆங்கிலத்தில் டூன் என்றால் வேலியிட்ட இடம். ஜெர்மன் மொழியில் இன்றும் வேலிக்கு ட்சவுன் என்றுதான் பெயர், இரண்டும் ஒரே வேர். வேலிக்குள் இருந்த பண்ணை டூன் ஆயிற்று, பண்ணை பெருகி ஊர் ஆயிற்று, கடைசியில் டவுன் ஆயிற்று. பின்னொட்டு, நட்பு, உறவு போன்ற சொற்களின் ஆங்கில வடிவத்தில் வருகிற அதே ஷிப். ஆக டவுன்ஷிப் என்பது முதலில் ஒரு வேலிக்குள் வாழ்ந்தவர்களின் கூட்டம், பிறகு அவர்களின் எல்லை.

வேடிக்கை என்னவென்றால் தமிழிலும் வேலி இதே பாதையில் நடந்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் வேலி என்பது நில அளவு. இருபது மா ஒரு வேலி, ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். ஊர்ப்பெயரின் வாலாகவும் நிற்கிறது. திருநெல்வேலியில் இருக்கிறது, நெய்வேலியிலும் இருக்கிறது. ‘நெய்வேலி நகரியம்’ என்று எழுதும்போது மூலச்சொல்லுக்கு நெருக்கமான பாதி ஊர்ப்பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்காக டவுன்ஷிப்பை வேலி என்று மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. ஆறே முக்கால் ஏக்கர் எங்கே, 23,040 ஏக்கர் எங்கே.

சரி, இந்த 23,040 எங்கிருந்து வந்தது? சுதந்திரப் போர் முடிந்தபோது அமெரிக்க அரசிடம் காசு இல்லை, கடன் இருந்தது. மேற்கே நிலம் இருந்தது. அதை விற்க வேண்டும் என்றால் முதலில் அளக்க வேண்டும். 1785 மே 20 அன்று வந்த நிலச் சட்டம், பக்கத்துக்கு 6 மைல் உள்ள சதுரங்களாக நாட்டை வெட்டச் சொன்னது. அந்தச் சதுரத்துக்குத்தான் டவுன்ஷிப் என்று பெயர். ஒவ்வொன்றுக்குள்ளும் 36 சிறு சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். முந்தைய ஆண்டு, பின்னாளில் அதிபரான ஜெஃபர்சனின் குழு கொடுத்த வரைவில் சதுரம் பக்கத்துக்கு 10 மைல், பெயர் ஹன்ட்ரெட். அது நிறைவேறியிருந்தால் நம் ஆட்கள் ‘அரசு காட்டில் நூறுகளை அமைத்தது’ என்று எழுதியிருப்பார்கள். நல்லவேளை.

ஆறு மைல் கணக்கும் டவுன்ஷிப் என்ற பெயரும் நியூ இங்கிலாந்து ஊர்களின் பழக்கத்திலிருந்து வந்தவை. அங்கே மக்கள் கூட்டமாகப் போய் நிலம் வாங்கி ஊர் அமைத்தார்கள். மேற்கே போனபோது பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது, ஊர் கழன்றுவிட்டது. மொழிபெயர்ப்பாளர் பிடிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு டவுன்ஷிப்பில் மூன்று ஊர் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். முழுக்கப் பாலைவனமாக இருந்தாலும் அது டவுன்ஷிப்தான். வரைபடத் தாளில் 40 சங்கிலி, அதாவது அரை மைல், ஓர் அங்குலம். ஆக ஒரு டவுன்ஷிப் தாளில் சரியாக ஓர் அடிக்கு ஓர் அடி. கையில் பிடித்துப் பார்த்தால் பரமபத அட்டை மாதிரி இருக்கும்.

மாதிரி என்று சும்மா சொல்லவில்லை. 1796 சட்டத்துக்குப் பிறகு 36 சதுரங்களுக்கும் எண் போட்ட முறையைப் பாருங்கள். வடகிழக்கு மூலையில் 1. அங்கிருந்து மேற்கே 6 வரை. அதற்குக் கீழே 7, இப்போது கிழக்கே திரும்பி 12 வரை. மறுபடி மேற்கே. இப்படி வளைந்து வளைந்து தென்கிழக்கு மூலையில் 36. தாயம் உருட்டிக் காய் நகர்த்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 16-ஆம் கட்டம் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. இங்கே ஏணியும் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே என் தேர்வு கட்டம். டவுன்ஷிப்புக்குப் பெருங்கட்டம், அதற்குள் ஒரு சதுர மைலாக இருக்கும் செக்‌ஷனுக்குக் கட்டம். செக்‌ஷனைப் ‘பிரிவு’ என்று எழுதுவதும் ஒரு தொல்லை. நம் ஊரில் பத்திரம் பார்த்தவர்களுக்கு 112/3பி என்றால் உட்பிரிவு. பிரிவு என்றதும் மனசு அங்கே போகும், இல்லையென்றால் சட்டப் பிரிவுக்குப் போகும். கட்டத்தில் அந்தக் குழப்பம் இல்லை. நம் பின்னச் சொற்கள் வேறு கைகொடுக்கின்றன. 1862-இன் குடியேற்ற நிலச் சட்டம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த 160 ஏக்கர், கால் கட்டம். 1820-க்குப் பிறகு விற்ற குறைந்தபட்ச 80 ஏக்கர், அரைக்கால் கட்டம். காலில் காலான 40 ஏக்கர், வீசக் கட்டம். ஆங்கிலத்தில் ‘கால் கால்’ என்று திக்குவதை நம் பாட்டிமார் ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். பத்திர வாசகமும் இயல்பாக விழுகிறது: ‘12-ஆம் கட்டத்தின் தென்கிழக்குக் காலில் வடமேற்குக் கால்.’

நண்பர் ஒருவர், தனித்தமிழில் பிடிவாதக்காரர், ‘ஊர்வட்டம்’ என்று ஒன்றை முன்வைத்தார். ஊரும் இல்லை, வட்டமும் இல்லை என்றேன். வட்டம் என்றால் தாலுகா என்பது ஒருபுறம் இருக்கட்டும், சதுரத்தைப் போய் வட்டம் என்று அழைத்தால் சர்வேயர் சிரிக்க மாட்டாரா? அவர் விடவில்லை. “உங்கள் கட்டமும் சரியான சதுரம் இல்லையே, பூமி உருண்டை அல்லவா” என்றார். உண்மைதான். வடக்கே போகப்போக நெடுங்கோடுகள் நெருங்கும், சதுரம் மேலே குறுகும். தையல்காரர் துணியின் கோணலை ஓரத்துக்குத் தள்ளுவது போல, அளவையர்கள் அந்தக் குறையை வடக்கு, மேற்கு ஓரக் கட்டங்களில் தள்ளினார்கள். கோலத்தில் ஒரு புள்ளி விலகினாலும் கட்டம் கட்டம்தான்.

டவுன்ஷிப்பை அப்படியே விட்டால் என்ன என்றும் கேட்கலாம். விடலாம், நம் பத்திரிகைகளின் முழுப்பக்க மனை விளம்பரங்கள் இல்லாதிருந்தால். நீச்சல் குளத்தோடு வருகிற டவுன்ஷிப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 1785 புரியாது. இன்னொன்றும் உண்டு. ஒஹாயோ, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் டவுன்ஷிப் என்ற உள்ளாட்சி இருக்கிறது, தேர்தல்கூட நடக்கிறது. அதற்கு ஊராட்சி பொருந்தும். தென்னாப்பிரிக்காவில் சோவெட்டோ போன்ற இடங்களுக்கும் அதே ஆங்கிலச் சொல்தான், நிறவெறி ஆட்சி கறுப்பர்களை ஒதுக்கி வைத்த குடியிருப்பு. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று அட்டவணை போட்டு வேலை செய்கிறவர்களிடம் இந்த மூன்றும் ஒரே பெட்டியில் விழுகின்றன. சொல்லைப் பார்க்கிறார்கள், படத்தைப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் இங்கே படம் திரையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

நகரியம் இன்னோர் உண்மையையும் மூடி மறைக்கிறது. அந்தக் காடு ஆளில்லாத காடு இல்லை. ஷானி, டெலவேர், வையண்டாட் பழங்குடி மக்களின் நிலம் அது. அளவைக்குப் பொறுப்பான தாமஸ் ஹட்சின்ஸ் 1785 செப்டம்பர் 30 அன்று பென்சில்வேனியா எல்லையில் ஆற்றின் வடகரையிலிருந்து மேற்கே சங்கிலி பிடித்தார். நாலு மைல் போவதற்குள் பழங்குடியினர் தாக்குவார்கள் என்ற பயத்தில் அந்தப் பருவத்து வேலையே நின்றது. கோடு ஏன் நின்றது என்பது கோடு என்று சொன்னால்தான் விளங்கும். ‘நகரியம் அமைத்தார்கள்’ என்றால் யாரோ நல்லது செய்யப் போனது போல இருக்கிறது. அங்கே ஊர்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றின் மேல்தான் கட்டம் விழுந்தது.

அந்தச் சங்கிலி நமக்கும் தெரிந்ததுதான். 66 அடி, 100 கண்ணி. பத்து சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நாம் இன்றும் மனை வாங்கும்போது பேசுகிற சென்ட், அந்தக் கண்ணிகளில் ஆயிரம் சதுரக் கண்ணி. ஆனால் இங்கே சங்கிலி, இருந்த வயலின் வரப்பைத் தொடர்ந்து வளைந்தது. அங்கே வரப்பு வருவதற்கு முன்பே கோடு வந்துவிட்டது.

படத்தை வெளியிட்டவர்களுக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதினேன். ‘நகரியம் அகராதியில் உள்ள சொல்’ என்று ஒரு வரிப் பதில் வந்தது. இருக்கட்டும் என்று அடுத்த பகுதியைப் போட்டேன். கான்சாஸ், கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை. பெருங்கட்டங்கள் கிழக்கு மேற்காக எத்தனையாவது நிரலில் இருக்கின்றன என்று சொல்ல ரேஞ்ச் என்பார்கள். நிரல் என்று எழுதினால் போதும். குரல் சொன்னது: “மூன்றாவது மேற்கு மலைத்தொடர்.” கோதுமைக்கு நடுவே மலையைத் தேடிக்கொண்டிருந்தேன்.