பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கேட்ட சொட்டு மருந்து

கம்பம், கூடலூர் பக்கமாகட்டும், மலை ஏறிக் குமுளி தாண்டி ஏலத்தோட்ட லயங்களாகட்டும், குழந்தையின் கண்ணில் எது முளைத்தாலும் ஒரே பெயர்தான்: "சதை வளருது." பெரியவர்களுக்கு வரும் சதை வளர்ச்சி குழந்தைகளுக்கு வருவது அபூர்வம் என்று சொல்லிச் சொல்லி, கண் டாக்டரான எனக்கு வாய் வலிக்கிறது.

இந்த வாரமும் ஒரு ஐந்து வயதுப் பெண். கருவிழி ஓரத்தில், வெளிப்பக்கம் கீழாக, மஞ்சள் கலந்த வெள்ளை மேடு. அதன் மேல் மெல்லிய முடி இரண்டு. முடியைப் பார்த்துப் பயந்துபோன அம்மாச்சி நந்தியாவட்டைச் சாறு விட்டிருக்கிறார். அது லிம்பல் டெர்மாய்டு. கருவிலேயே தோல் திசு இடம் மாறி உட்கார்ந்தது. தோல் என்றால் முடி முளைக்காதா? புற்றுநோய் இல்லை. எந்தச் சொட்டுக்கும் கரையாது. (காதுக்கு முன்னால் மரு இருக்கிறதா என்றும் பார்ப்போம். இருந்தால், கூடவே வேறு பிறவிக் குறைகளும் இருக்கலாம் என்பதால், காது கேட்பதையும் முதுகெலும்பையும் சோதிக்க வேண்டும்.)

"பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சொட்டு மருந்துல கரைஞ்சுச்சே?" என்று வீட்டார் கேட்பார்கள். அவனுக்கு வந்தது வேறு. அலர்ஜியிலும் கருவிழி ஓரம் தடிக்கும், கண் அரிக்கும். ப்ளிக்டன் என்ற சிவந்த கொப்புளமும் வரும்; அது திரும்பத் திரும்ப வந்தால் காசநோய்ச் சோதனை எழுதுவோம். இரண்டும் ஸ்டீராய்டு சொட்டில் அடங்கும். அங்கேதான் வினை. சீட்டில்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும். வலிக்காது, சிவக்காது. கண் வெள்ளையாக இருக்கிறதே என்று வீட்டில் திருப்தியாக இருப்பார்கள்.

"ஓரத்துலதானே இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்" என்பது அதைவிட மோசம். ஓரத்துக் கட்டி கருவிழியின் வளைவைக் கெடுத்து அந்தக் கண்ணில் சிலிண்டர் பவரை, அதாவது வளைவு சீராக இல்லாததால் வரும் மங்கலை, ஏற்றும். குழந்தை நல்ல கண்ணாலேயே பார்த்துப் பழகிவிடும், புகார் சொல்லாது. மற்றது பார்வை வளராத சோம்பேறிக் கண்ணாகும். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மூடிப் பயிற்சி கொடுத்தால்தான் பலன் நன்றாக இருக்கும். கட்டியை வெட்டி எடுத்தாலும் பெரும்பாலும் பவர் போகாது. கண்ணாடியைக் கழற்றி பீரோவில் வைத்துவிடாதீர்கள், தாயே.

எங்களிடம் காட்ட வரும்போது குழந்தையின் பழைய போட்டோக்களைப் போனில் கொண்டுவாருங்கள். பிறந்ததிலிருந்தே இருந்ததா, புதிதா என்பது பாதி நோயறிதல். வீட்டில் விட்ட சொட்டு பாட்டிலையும் மறைக்காமல் எடுத்து வாருங்கள். கண்ணில் உள்ள பழுப்பு மச்சம் திடீரென்று பெரிதானால் தள்ளிப்போட வேண்டாம். கருவிழியின் நடுவே, உள்ளிருந்து வெள்ளையாக மின்னினால் அது மேல்கட்டி சமாச்சாரமே இல்லை. அன்றே கிளம்புங்கள், கடைசி பஸ் என்றாலும்.