குளிருக்குச் சாத்திய ஜன்னல்

"சிஸ்டர், அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்களேன். கொரோனாவுல பொழைச்சாலும் இந்தக் குளிர்ல செத்துடுவேன்."

2020 ஆடி மாதம். கொரோனா வார்டில் ஏழாம் படுக்கைப் பாட்டி கேட்டது இது. நீலகிரியில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாரல் பக்கவாட்டில் வரும், கம்பளி ஈரமாகும், துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. பாட்டி கேட்டது நியாயம்தான். ஆனாலும் நான் சாத்தவில்லை. ஏன் என்று பொறுமையாக விளக்க அன்றைக்கு நேரம் இல்லை.

நான் இந்த மலையில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பும் என்னுடையது. அந்த ஆண்டு எங்களுக்கு வந்த ஒவ்வொரு சுற்றறிக்கையிலும் "நல்ல காற்றோட்டம் இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். மதுரையில் அந்த வரியை யாரும் இரண்டாவது முறை படிக்க வேண்டியதில்லை, வெக்கைக்கே ஜன்னல் திறந்திருக்கும். எங்களுக்கு மற்ற எல்லா வரிகளையும்விட அந்த ஒரு வரிதான் கஷ்டமாக இருந்தது.

அப்போது எல்லோரும் இருமலில் தெறிக்கும் நீர்த்துளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மூச்சிலும் பேச்சிலும் வெளியேறும் நுண்துளிகள் காற்றில் மிதந்தும் பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்ல 2021 ஆகிவிட்டது. எனக்குக் காசநோய் வார்டில் வேலை பார்த்த பழக்கம். காற்றை நம்பாதே என்று அங்கே முதல் நாளே கற்றுக்கொடுத்து விடுவார்கள். கணக்கு இதுதான்: அறையின் காற்று மணிக்கு 12 முறை மாறினால், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் நீங்க 23 நிமிடம் போதும். மணிக்கு 2 முறைதான் மாறுகிறது என்றால் 138 நிமிடம் ஆகும். அதுவும் நோயாளி அறையை விட்டுப் போன பிறகு ஆகும் நேரம். அவர் உள்ளேயே படுத்து இருமிக்கொண்டிருந்தால் காற்றில் புதிது புதிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் கோணிப்பையைத் திணித்து, ஹீட்டர் போட்ட அறையில் காற்று மணிக்கு எத்தனை முறை மாறும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

எங்களுடையது பழைய கட்டடம். உயரமான கூரை, சுவரின் உச்சியில் வரிசையாகச் சின்னச் சின்ன மேல்ஜன்னல்கள். கட்டியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் குளிருக்குப் பயந்து எல்லாவற்றிலும் பிளைவுட் அடித்துவிட்டார்கள். ஒரு மதியம் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு வார்டைச் சுற்றி வந்தேன். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் காற்று போகிறது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கழிவறைப் பக்கத்திலிருந்து கிளம்பிய புகை வரிசையாகப் படுக்கைகளைத் தாண்டி, நேராக நாங்கள் உட்கார்ந்து கேஸ் ஷீட் எழுதும் மேசைக்கு வந்து நின்றது. மாதக்கணக்கில் நாங்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் மேசையைக் காற்று உள்ளே நுழையும் பக்கத்துக்கு மாற்றினோம். பிளைவுட்டைக் கழற்றினோம். மேல்ஜன்னல் திறந்திருந்தால் சூடான கெட்ட காற்று மேலே ஏறி வெளியே போகும், படுத்திருப்பவர் முகத்தில் குளிர்காற்று அடிக்காது. கீழ்ஜன்னலை நாலு விரல் அகலம் மட்டும் திறந்து கட்டையால் முட்டுக் கொடுத்தோம். பாட்டிக்கு இரண்டு கம்பளி, காதை மூடும் உல்லன் தொப்பி, காலடியில் சுடுதண்ணீர்ப் பை. படுக்கையையும் சாரல் படாத ஓரத்துக்கு நகர்த்தினோம். பன்னிரண்டாம் நாள் தொப்பியோடு வீட்டுக்குப் போனார்.

வார்டைச் சரி செய்த பிறகும் ஒரே வாரத்தில் எங்கள் ஊழியர்கள் நான்கு பேருக்குத் தொற்று. பிபிஇ கிட்டின், அதாவது முழு உடல் பாதுகாப்பு உடையின், தரம் சரியில்லை என்று எல்லோரும் பேசினார்கள். ஆனால் அந்த நால்வரில் இருவர் கொரோனா வார்டுக்குள் காலே வைக்காதவர்கள். ஒருவர் மருந்தகம், இன்னொருவர் லேப். யார் யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன். நான்கு வரிசையும் ஒரே இடத்தில் வந்து முட்டின: காலை பத்தரை மணி டீ.

எட்டுக்குப் பத்தடி டீ அறை. ஒரு கெட்டில், ஒரு ஹீட்டர், சாத்திய கதவு, முழங்கால் இடிக்க ஆறு பேர். வார்டுக்குள் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவர்கள் இங்கே வந்ததும் மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். வீட்டுக்குப் போகாமல், பிள்ளைகளைப் பார்க்காமல் இருந்தவர்களுக்கு அந்தக் கால் மணி நேரம்தான் ஆறுதல். நோயாளியிடம் பயம் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் நீட்டும் அக்காவிடம் பயம் வராது. அந்த அறையைப் பூட்டச் சொன்னதுதான் இந்தப் பொறுப்பில் நான் எடுத்த முடிவுகளிலேயே மனதுக்குக் கஷ்டமானது. வெளியே தகரக் கூரைக்கடியில் பெஞ்சு போட்டோம். ஒரு நேரத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு மூலை. "கை விறைக்குதுக்கா" என்று திட்டிக்கொண்டே குடித்தார்கள்.

மாஸ்க் விஷயத்தில் குளிர் எங்களுக்கு ஒரு உதவி செய்தது. மூச்சு விட்டதும் மூக்குக்கண்ணாடி பனித்துப்போனால் மூக்குத்தண்டுப் பக்கம் மாஸ்க் பொருந்தவில்லை என்று அர்த்தம். என்95 மாஸ்க் 95 சதவீதம் வடிகட்டும் என்பதெல்லாம் காற்று துணி வழியாகப் போனால்தான். இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகவே நுழைந்துவிடும். ஆனால் பலர் கண்ணாடி பனிக்கிறதென்று மாஸ்க்கைக் கீழே இறக்கிக்கொண்டார்கள். உள்ளே இருக்கும் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி மூக்கோடு படிய வையுங்கள். உள்ளங்கைகளால் மூடி மூச்சு விட்டுப் பாருங்கள், ஓரத்தில் காற்று கசியக்கூடாது. தாடி வைத்த ஆண் செவிலியர்களிடம் அதை எடுக்கச் சொல்லித்தான் கேட்டோம்.

அடுத்தது பெண்கள் வெளியே சொல்லாத கஷ்டம். குளிரில் சிறுநீர் அடிக்கடி வரும், அது உடலின் இயல்பு. ஆறு மணி நேரம் கிட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினார்கள். மாதவிலக்கு நாட்களில் இன்னும் மோசம். ஒரு இளம் சிஸ்டருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. கொரோனா என்றே முடிவு கட்டித் தனிமைப்படுத்தினோம். சிறுநீர்ப் பாதைத் தொற்று அது.

இதை வெறும் வசதிக்குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. கிட்டைப் போடும்போது அது சுத்தமாக இருக்கிறது, கழற்றும்போதுதான் அதன் வெளிப்பக்கம் முழுக்கக் கிருமி. அடக்க முடியாமல் ஓடி வருகிறவர் படிப்படியாகக் கழற்ற மாட்டார். ஜிப்பை இழுத்து, அதே கையுறையோடு மாஸ்க் பட்டையைப் பிடிப்பார். அதனால் கிட்டுக்குள் இருக்கும் நேரத்தை நான்கு மணி நேரமாகக் குறைக்கப் போராடினேன். ஆள் பற்றாக்குறையில் அது எல்லா நாளும் நடக்கவில்லை. கழற்றும் இடத்தில் ஒருவர் இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒவ்வொரு படியையும் சத்தமாகச் சொல்வார், ஒவ்வொன்றுக்கும் பிறகு கையில் சானிடைசர். மாஸ்க்கைக் கழற்றுவது அங்கிருந்து வெளியே வந்த பிறகு, கடைசியில்.

கை கழுவுவதற்கு 40 முதல் 60 விநாடி வேண்டும். எங்கள் குழாயில் வருவது ஐஸ் தண்ணீர், பத்து விநாடிக்கு மேல் யாரும் நிற்கவில்லை. கிருமி போகச் சுடுதண்ணீர் தேவையா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். தேவையில்லை, சோப்பும் தேய்ப்பும் போதும். ஆனால் ஆள் குழாயடியில் நிற்க வேண்டுமே, அதற்குச் சுடுதண்ணீர் வேண்டும். கீசர் வந்தது, கழுவும் நேரம் தானாகக் கூடியது. குளிரில் கை வெடித்துப் புண்ணானவர்கள் சானிடைசரைத் தொடவே பயப்படுவார்கள், அதனால் கையைப் பார்த்துக்கொள்வதும் தொற்றுக் கட்டுப்பாடுதான். எண்ணெய் தேய்ப்பதென்றால் டூட்டி முடிந்த பிறகு. எண்ணெய்க் கையில் லேடெக்ஸ் கையுறை சீக்கிரம் கிழியும்.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. எங்களுக்கு என்95 வந்தபோது, அதே வார்டைத் துடைத்த, மருத்துவக் கழிவு அடைத்த மஞ்சள் பைகளைப் படிக்கட்டில் சுமந்து இறக்கிய தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு மூன்றடுக்கு மாஸ்க்தான் வந்தது. ஒப்பந்த ஊழியர் என்பது காரணம். வைரஸ் சம்பளச் சீட்டைப் பார்த்தா தொற்றுகிறது? ஒருநாள் அவர் பிளீச்சிங் பவுடர் கரைசலோடு டாய்லெட் ஆசிட்டையும் சேர்த்துவிட்டார். மூடிய குளியலறை, குளோரின் வாயு. கண்ணெல்லாம் சிவந்து இருமிக்கொண்டே வெளியே வந்தார். இரண்டையும் கலக்கக்கூடாது என்று சுவரில் ஒட்டித்தான் இருந்தது, ஆங்கிலத்தில். அன்று மாலையே தமிழில் பெரிதாக எழுதினேன்: 1 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பவுடர், தினமும் புதிதாக, ஆசிட்டோடும் பினாயிலோடும் சேர்க்காதீர்கள். 30 கிராமுக்கு ஒரு டம்ளரில் கோடு போட்டுக் கொடுத்தேன். பவுடர் மூட்டையையும் மூடியுள்ள டிரம்முக்கு மாற்றினோம். இந்த ஈரத்தில் திறந்து கிடந்த மூட்டை கட்டிதட்டி வீரியம் போயிருந்தது. அதைக் கரைத்துத்தான் எத்தனை நாள் தரையைத் துடைத்தோமோ.

கிராமங்களுக்குப் போன செவிலியர்களின் பாடு தனி. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளில் வெள்ளை கிட்டோடு நுழைந்தால் ஜனம் மிரண்டு ஒதுங்கியது. முதலில் மாஸ்க் மட்டும் போட்டுத் தள்ளி நின்று, தெரிந்த முகமாகப் பேசிவிட்டு, பரிசோதனைக்கு ஸ்வாப் எடுக்கும்போது மட்டும் கவசம் போட்டவர்களுக்குத்தான் வேலை நடந்தது. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தனிமைப்படுத்தச் சொல்லும்போது எங்களுக்கே வாய் கூசும், இருப்பதே ஓர் அறை. ஆம்புலன்ஸ்காரர்கள் கூடலூரிலிருந்து கோவைக்கு நான்கு மணி நேரம் நோயாளியோடு அடைபட்டு வந்தார்கள். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது, பின்பக்க ஃபேனைப் போடுங்கள், கண்ணாடியை இரண்டு விரல் இறக்குங்கள், உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணையுங்கள் என்பதுதான்.

2023 மே 5 அன்று கொரோனாவுக்கான உலக அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த வார்டு இப்போது பொது வார்டு. காசநோயும் ஃப்ளூவும் அதே காற்றில்தான் வருகின்றன. டீ பெஞ்சு இன்னும் தகரக் கூரைக்கடியில் இருக்கிறது, சாரல் இல்லாத நாட்களில் சிலர் அங்கேதான் உட்காருகிறார்கள். போன வாரம் வார்டில் அண்ணாந்து பார்த்தபோது இரண்டு மேல்ஜன்னல்களில் மறுபடி பிளைவுட் அடித்திருந்தது. ஏணி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.