பெட்டியில் '525 மடங்கு' என்று போட்டிருந்தால்

நுண்ணோக்கி, நில அளவைக் கருவி, பைனாகுலர் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பது என் தொழில். கொஞ்ச காலமாக என் மேசைக்குச் சின்ன டெலஸ்கோப்புகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கியதாக இருக்கும். இல்லாவிட்டால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ எடுத்துப்போக வாங்கியதாக இருக்கும். கொண்டுவருபவர்கள் சொல்லும் குறை அநேகமாக ஒன்றுதான்: "ஒண்ணுமே தெரியல சார், லென்ஸ் போயிடுச்சு போல." கழற்றிப் பார்த்தால் லென்ஸ் நன்றாகவே இருக்கும். வம்பெல்லாம் பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணில்தான்.

76 மி.மீ. கண்ணாடியும் 700 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட ஒரு மாடல் பல பெயர்களில் விற்கிறது. அதன் பெட்டியில் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கணக்கு என்னவோ சரிதான். டெலஸ்கோப்பின் குவியத்தூரத்தை ஐபீஸின், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸின், குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதுதான் பெருக்கம். 700-ஐ 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 175. கூடவே வரும், பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸையும் செருகினால் 525. ஆனால் ஒரு டெலஸ்கோப் எவ்வளவு பெருக்கம் தாங்கும் என்பது அதன் பிரதானக் கண்ணாடி அல்லது முன் லென்ஸின் விட்டத்தைப் பொறுத்தது. மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பது நாங்கள் போடும் கணக்கு; அதுவும் கண்ணாடி தரமாக இருந்து காற்றும் அடங்கியிருந்தால். 76 மி.மீ.க்கு ஏறக்குறைய 150. அதைத் தாண்டினால் படம் பெரிதாகும், விவரம் கூடாது. மங்கலும் இருட்டும்தான் மிச்சம்.

இந்த மாடலோடு வந்த ஒரு அம்மாவிடம், "20 எம்எம் ஐபீஸ் எங்கம்மா?" என்று கேட்டேன். "அது பெட்டியிலேயே இருக்கு சார். சின்னதா காட்டுதுன்னு பையன் போடவே இல்ல" என்றார். பார்லோவைக் கழற்றி வைத்துவிட்டு 20 மி.மீ. ஐபீஸைப் போட்டு, தெருவுக்கு எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொன்னேன். தொட்டி மூடியில் உட்கார்ந்திருந்த காக்கையின் கண் இமைப்பதுவரை தெரிந்தது. பையனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் காக்கை தலைகீழாக உட்கார்ந்திருந்தது!

இதைப் பல கடைகளில் சொல்வதில்லை. கண்ணாடி வைத்த நியூட்டன் வகை டெலஸ்கோப் காட்சியைத் தலைகீழாகத்தான் காட்டும். கிரகங்களுக்கு மேலேது, கீழேது. மலைக்கும் மரத்துக்கும் அப்படி முடியாது. லென்ஸ் வகையில், பின்னால் செருகும் சாதாரண டயகனல் கண்ணாடி நிமிர்த்திக் காட்டினாலும் இடம் வலமாக மாறிவிடும். எதிர்க் கடையின் பெயர்ப் பலகையைப் படித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கிரகத்துக்கும் நிலக்காட்சிக்கும் ஒரே கருவிதான் வேண்டும் என்றால் 70 மி.மீ. லென்ஸ், 400 மி.மீ. குவியத்தூரம் உள்ள குட்டைக் குழாய் வகையை வாங்குங்கள். அதோடு நேராகக் காட்டும் 45 டிகிரி ப்ரிஸம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த அளவுக் குழாயில் 20 மி.மீ. ஐபீஸ் போட்டால் 20 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 40. நிலக்காட்சிக்கு 20 மடங்கு போதும். வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து எழும் கானல், பெருக்கம் கூடக் கூட எல்லாவற்றையும் நெளிய வைத்துவிடும். காலையில் பாருங்கள். நிலாவின் ஓரத்திலோ வெயில் படும் கம்பியின் ஓரத்திலோ ஊதா நிறம் கசியும். குட்டைக் குழாய் லென்ஸ்களுக்கு அது பிறவிக் குணம், சர்வீஸில் போகாது.

"வெறும் 40 மடங்கில் கிரகம் என்ன தெரியும்?" என்று கேட்பார்கள். வியாழன் நமக்கு அருகில் இருக்கும் மாதங்களில் 40 மடங்கு வைத்துப் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு நிலா எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக இருக்கும். நம்ப மாட்டார்கள், ஏனென்றால் கருப்பு வட்டத்துக்குள் பார்க்கும்போது கண் அதைச் சிறியதாகவே எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் நான்கு நிலாக்களும் வரிசையாக நிற்கும். கலீலியோ 1610 ஜனவரியில் ஏறக்குறைய 20 மடங்கு பெருக்கத்தில் கண்டுபிடித்தவை அவை. வெள்ளி பிறை பிறையாகத் தேய்வதும் தெரியும். சனியின் வளையம் மட்டும் இப்போது ஏமாற்றலாம். 2025 மார்ச்சில் அது நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியது. மறுபடி மெல்லத்தான் விரிகிறது. வளையம் கோடாகத் தெரிகிறது என்று கருவியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

லென்ஸைவிட நான் அதிகம் திட்டுவது ஸ்டாண்டைத்தான். விலையைக் குறைக்க முதலில் கை வைப்பது அதில். தீக்குச்சி போன்ற அலுமினியக் கால்கள். ஃபோகஸ் குமிழைத் தொட்டால் வியாழன் குதிக்கும், கையை எடுத்து ஆட்டம் அடங்குவதற்குள் பூமி சுழன்று அது வட்டத்தை விட்டே போயிருக்கும். 525 மடங்கில் வியாழன் கண்ணில் தங்குவது கால் நிமிடம் போலத்தான். கால்களை நீட்டாமல் குட்டையாக வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து பாருங்கள். நடுவில் உள்ள தட்டில் ஒரு மணல் பையைத் தொங்கவிட்டால் பாதி ஆட்டம் நின்றுவிடும். எடைக்கல்லும் கம்பியுமாக வரும் ஈக்வடோரியல் ஸ்டாண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். அதன் ஓர் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். சென்னையில் அது 13 டிகிரி உயரம், கன்னியாகுமரியில் 8 டிகிரிதான். அவ்வளவு தாழ்த்தினால் எடைக்கம்பி பல மாடல்களில் ஸ்டாண்டின் காலிலேயே இடிக்கும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் சாதாரண ஸ்டாண்ட் நம் ஊருக்குப் போதும்.

கடற்கரை ஊர்க்காரர்கள் லென்ஸில் பூஞ்சை படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். தூசியைக் காற்று ஊதும் ரப்பர் பல்பால் ஊதுங்கள். சட்டை நுனியால் துடைத்து வரும் லென்ஸில் பூச்சு கீறிப்போயிருக்கும், அதை என்னால் சரிசெய்ய முடியாது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. சில பெட்டிகளில் ஐபீஸில் திருகும் சிறிய கரும்பச்சைக் கண்ணாடி ஒன்று இருக்கும். 'சன்' என்று எழுதியிருக்கும். சூரியனைப் பார்க்க என்று கொடுப்பது. 70 மி.மீ. லென்ஸ் திரட்டும் ஒளி, பகலில் சுருங்கியிருக்கும் கண்மணி வாங்குவதைப்போல 500 மடங்குக்கு மேல். அத்தனை வெப்பமும் குவியும் இடத்துக்கு அருகில்தான் இந்தச் சில்லு உட்காருகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விடலாம். விழித்திரைக்கு வலி தெரியாது. கண்ணை எடுக்கச் சொல்லி எந்த எச்சரிக்கையும் வராது. போன பார்வை திரும்பாமலே போகலாம். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கம் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது; அடுத்து 2031 மே 21 அன்று மதுரை வழியாக வருகிறது. அதற்கு இந்தச் சில்லை நம்பி யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது. சூரியனுக்கான வடிகட்டி குழாயின் முன்வாயை முழுதாக மூட வேண்டும், குறிபார்க்கும் சிறு குழாயான ஃபைண்டருக்கும் சேர்த்து.

கிரகணம் இல்லாத நாளிலும் இந்த ஆபத்து உண்டு. நிலக்காட்சி டெலஸ்கோப் பகலில்தான் வெளியே வரும். மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை பறவையைத் துரத்திக் குழாயைத் திருப்பினால், வழியில் சூரியன் இருக்கும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்காமல் பகலில் கொடுக்காதீர்கள். பார்த்து முடித்ததும் மூடியைப் போடுங்கள். அந்தச் 'சன்' சில்லு என் மேசைக்கு வந்தால், உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு அவர் கண்முன்னாலேயே சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுகிறேன். இதுவரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.