எலும்பில் பொட்டல் இல்லையென்றால் லீவு எதற்கு?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் என் கிளினிக்கில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அவரே முதலில் சொல்லிவிட்டார்.

"டாக்டருங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க செக்சன்ல ஒரு பையன் விரல் நுனி மடங்கிப்போச்சுன்னு லீவுல இருக்கறானுங்க. பெரிய கட்டுகூட இல்ல, ஒரு சின்ன பிளாஸ்டிக்கை மாட்டிட்டுத் திரியறான். எக்ஸ்ரேல பொட்டல் ஒண்ணும் இல்லையாமா. இதுக்குப் போயி ரெண்டு வாரமுங்களா? மத்தவங்க எல்லாம் கேக்கறாங்க, நான் என்ன பதில் சொல்றது?"

அந்தப் பையன் என்னிடம் வந்தானா இல்லையா என்பதைக்கூட நான் உங்களிடம் சொல்லக் கூடாது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. ஆள் குறைந்தால் அந்த வேலை அடுத்தவன் தலையில்தான் விழுகிறது. இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்கிறவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அன்று அவரிடம் பொதுவாகப் பேசியதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஆட்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களும் எலும்பு முறிவுக்கு மலையாளத்துப் 'பொட்டல்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டுவிட்டோம். அடிபட்டு வருகிறவருக்கு மூன்றே நிலை: பொட்டல், சதவு (சதை நசுங்கல்), உளுக்கு (சுளுக்கு). பொட்டல் என்றால் ஊரே ஒத்துக்கொள்ளும், லீவு நியாயம்தான் என்று. சதவு, உளுக்கு என்றால் "எண்ணெய் போட்டு உழிஞ்சா போயிரும்" என்பார்கள். எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு மட்டும்தான். தசைநார், தசை, நரம்பு எதுவும் அதில் விழாது. பெரியவர்கள் இதற்கு 'ஊமைக்காயம்' என்று எவ்வளவு சரியாகப் பெயர் வைத்தார்கள்! அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே ஊமைக்காயத்தை நம்பவும் மறுக்கிறோம்.

என்னைக் கேட்டால், காயத்தின் அளவைப் பார்த்து லீவை அளப்பதில்தான் தவறு தொடங்குகிறது. அந்த ஆள் என்ன வேலை செய்கிறார், அந்த வேலைக்கு அடிபட்ட இடம் எவ்வளவு தேவை என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

கணுக்கால் உளுக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரே வாரத்தில் மூன்று பேர் ஒரே மாதிரி உளுக்கோடு வந்தார்கள். ஒருவர் சித்தூர்ப் பக்கம் கள் இறக்குகிறவர். இன்னொருவர் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவர். மூன்றாமவர் பள்ளி ஆசிரியை. மூவருக்கும் வீக்கம் ஒரே அளவு. வங்கிக்காரர் காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு நாலாம் நாளே வேலைக்குப் போனார். மரம் ஏறுகிறவரால் அது முடியாது. காலையும் மாலையும் தென்னையில் ஏற வேண்டும். பாதம் உள்பக்கம் வளைந்து மரத்தைக் கவ்வ வேண்டும், உடம்பின் பாரமெல்லாம் அந்தக் கணுக்காலில்தான் நிற்கும். தசைநார் பாதி கிழிந்திருந்தால் ஆறுவதற்கு மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் அவரை ஏறச் சொல்வது கீழே விழச் சொல்வது போலத்தான்.

ஆசிரியையின் கதைதான் சிக்கலானது. வகுப்பு மாடியில். ஆறு பீரியட் நிற்க வேண்டும். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். அதற்குள் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில் அவர் உட்கார்ந்திருந்த போட்டோ யாரோ ஒருவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் ஒரே பேச்சு. "கல்யாணத்துக்குப் போக கால் இருக்கு, ஸ்கூலுக்கு வர இல்லையா?" அந்த அம்மா அழுதுகொண்டே என்னிடம் வந்தார். காரில் போய் இறங்கி, நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். அதையும் ஒரு நாளில் நாலு தடவை மாடிப்படி ஏறி இறங்குவதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இத்தனைக்கும் அந்த லீவு அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை. கேரளத்தில் அரசு ஊழியருக்கு வருடத்துக்கு 20 நாள் அரைச் சம்பள விடுப்பு சேரும். மருத்துவச் சான்றின் பேரில் அதை முழுச் சம்பளத்தோடு கம்யூட்டட் லீவாக எடுத்தால், எடுக்கிற நாளைப் போல இரண்டு மடங்கு கணக்கில் கழியும். பத்து நாளுக்கு 20 நாள் போயிற்று. ஒரு வருடத்துச் சேமிப்பு.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழும்: "அடிபட்ட அன்னைக்கு நல்லா நடந்துதான போனா? மறுநாள் எப்படி நடக்க முடியாமப் போச்சு?" நடிப்பு என்று முடிவு கட்டுவதற்கு இதைத்தான் பெரிய சாட்சியாகச் சொல்வார்கள். உண்மையில் உளுக்கின் போக்கே அப்படித்தான். அடிபட்ட இடத்தில் நீர் கோர்ப்பது மெல்ல மெல்லக் கூடும். வீக்கமும் வலியும் இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். பதற்றத்தில் முதல் சில மணி நேரம் வலியே தெரியாதவர்களும் உண்டு.

வேலை இடத்தில் யாருக்காவது கணுக்கால் பிசகினால் ஒன்று பாருங்கள். கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1992-ல் வெளியிட்ட விதி, இன்றும் உலகம் முழுக்க நாங்கள் பயன்படுத்துவது. அடிபட்டவரால் உடனேயும், பிறகு மருத்துவரிடம் வரும்போதும், இரண்டு தடவையுமே நாலு எட்டு எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்கால் முண்டுகளின் பின் ஓரத்தை அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? பாதத்தின் வெளி ஓரம் நடுவில் துருத்தி நிற்கும் எலும்பிலோ, உள்பக்கம் பாத வளைவுக்கு மேலுள்ள எலும்பிலோ வலிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். நொண்டிக்கொண்டாவது நாலு எட்டு நடந்து, எலும்பில் வலி இல்லாமலும் இருந்தால், முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உழிச்சில் மட்டும் வேண்டாம். புதுக் காயத்தை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்து, வீக்கம் இரண்டு மடங்கான கால்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இனி அந்த விரலுக்கு வருகிறேன். விரல் நுனியை நிமிர்த்துகிற நரம்பு போன்ற மெல்லிய தசைநாண் ஒன்று விரலின் மேல்பக்கமாக ஓடி, நகத்துக்குக் கீழே எலும்பில் ஒட்டியிருக்கிறது. பந்து நேராக விரல் நுனியில் அடித்தால் அறுந்துவிடும். அவ்வளவுகூட வேண்டாம். மெத்தைக்கடியில் விரிப்பைச் செருகும்போது அறுத்துக்கொண்டு வந்த நர்ஸ் சேச்சி ஒருவருக்கு நானே பார்த்திருக்கிறேன். வலி சுமார்தான். ரத்தமும் வராது. விரல் நுனி மட்டும் வணக்கம் சொல்வதுபோலத் தொங்கும். மாலெட் ஃபிங்கர் என்போம். வைத்தியம் ஒரு சிறு பிளாஸ்டிக் உறை. விரலை நேராக வைத்து ஆறு முதல் எட்டு வாரம், இரவும் பகலும் கழற்றாமல் போட வேண்டும். உறையைத் துடைக்கக் கழற்றும்போதும் மேசைமேல் விரலை நீட்டி வைத்தபடியே கழற்ற வேண்டும். இடையில் ஒரே ஒரு தடவை நுனி மடங்கினாலும் ஒட்டிக்கொண்டிருந்தது விட்டுப் போகும், நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படிப்பட்ட கையோடு ஒருவரை ஓடுகிற கன்வேயர் முன்னால் கையுறை மாட்டச் சொல்ல முடியுமா? அதற்காக எட்டு வாரமும் வீட்டில் உட்காரவும் வேண்டியதில்லை. கையால் பிடிக்காத வேலை ஒன்று கொடுத்தால் முதல் வாரத்திலேயே வரலாம். அப்படி ஒரு வேலை கொடுக்க யாரும் மெனக்கெடாததால்தான் பல லீவுகள் நீள்கின்றன.

கையில் சின்னதாக ஒரு வெட்டு என்றாலும் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். சமையல்காரர் விரலில் சீழ் பிடித்த வெட்டு இருந்தால் அவர் உணவைத் தொடவே கூடாது. அந்தக் கிருமி உணவில் விடுகிற நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. அவருக்கு வலி இல்லாமலிருக்கலாம், நாற்பது பேருக்கு வாந்தி வரும். சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவருக்கும் இப்படித்தான். வலிக்கவில்லை என்று அவரே சொன்னாலும் புண்ணோடு அவரைப் பூட்ஸ் போட்டு நிற்க விடக் கூடாது.

ஒரு விஷயத்தை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கம்பெனிக்கு வாரம் இரண்டு நாள் போய்க்கொண்டிருந்தேன். ஒரு இளைஞர் ஈரத் தரையில் வழுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. மூன்று நாள் எழுதினேன். நாலாம் நாள் வந்து இன்னும் வலிக்கிறது என்றார். "பொட்டல் இல்லாததுக்கு எத்தனை நாள் சார்?" என்று கூட வந்தவர் சிரித்தார். எனக்கும் அதுவே தோன்றியது. வேலைக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டேன். பல வாரம் கழித்து அவர் வேறிடத்தில் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். மணிக்கட்டில் முந்திரிப் பருப்பு அளவில் ஸ்கேஃபாய்டு என்று ஒரு எலும்பு உண்டு. அது முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். பத்து, பதினாலு நாள் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த எலும்புக்கு ரத்தம் ஒரு முனையிலிருந்துதான் போகிறது. அசைத்துக்கொண்டே இருந்தால் கூடாமலே நின்றுவிடும். அவருக்கு அறுவை செய்து திருகாணி வைக்க வேண்டியதாயிற்று. அவர் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து கை ஊன்றி விழுந்தேன் என்று யார் வந்தாலும், கட்டை விரலை மேலே தூக்கச் சொல்வேன். அதன் அடியில் இரண்டு நாண்கள் கயிறு போல எழும்பி, நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய பள்ளம். அங்கே என் விரலால் அழுத்தும்போது ஆள் முகம் சுளித்தால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும் கட்டுப் போட்டுத்தான் அனுப்புவேன்.

தொழிலாளி சும்மா சம்பளம் வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறான் என்று நினைக்கிறவர்களுக்காகப் பணக் கணக்கையும் சொல்கிறேன். ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் நோய்க்கால உதவித் தொகை கூலியில் 70 சதவீதம்தான். வருடத்தில் அதிகபட்சம் 91 நாள். பொதுவாக முதல் இரண்டு நாளுக்கு ஒன்றும் கிடையாது. வேலையில் பட்ட காயம் என்றால் 90 சதவீதம். அதனால்தான் பட்டறைக்குள் பட்ட காயத்தை "வீட்ல விழுந்ததாச் சொல்லிரு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கையில் வருகிற பணம் குறைவது மட்டுமில்லை, பின்னால் விரல் மடங்காமலே போனால் நிரந்தர ஊனத்துக்கான தொகை கேட்கவும் ஆதாரம் இருக்காது. ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள் பலர் ஒரு நாள் கூலிக்குப் பயந்து காயத்தைக் கட்டி மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். லீவை ஏமாற்றி எடுத்தவர்களை விட, எடுக்க வேண்டிய லீவை எடுக்காமல் கெட்டுப் போனவர்களைத்தான் என் அனுபவத்தில் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஏமாற்றுகிறவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். "தேதியை முன்னாடி போட்டுக் குடுங்க சார்" என்று ஓணம் முடிந்த வாரம் கட்டாயம் யாராவது வருவார்கள். நான் எழுத மாட்டேன். கொடுக்கிற ஒவ்வொரு சான்றையும் பதிவேட்டில் ஏற்றி, அங்க அடையாளம் எழுதி, நகல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. பொய்ச் சான்று கொடுத்தால் மருத்துவர் பெயரையே பதிவேட்டிலிருந்து எடுக்கலாம். அதை விடப் பெரிய பாவம், அடுத்து உண்மையான காயத்தோடு வருகிறவரை ஊர் நம்பாமல் போவது.

நீளமான லீவே கெடுதலாகும் இடமும் உண்டு. பாரம் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது, காலில் மரமரப்போ சிறுநீர் அடைப்போ இல்லை என்றால், படுத்தே கிடப்பது வலியை நீட்டும். ஓரிரு நாளில் எழுந்து நடமாட வேண்டும். இதற்கு ஒரு மாதம் ரெஸ்ட் கேட்கிறவரிடம் எழுதித் தர முடியாது என்று சொல்லி, பாரம் தூக்காத வேலை கொடுக்கச் சொல்லிக் கடிதம் தருகிறேன். கோபித்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போய் வாங்கி வருகிறவர்களும் உண்டு.

சூப்பர்வைசரிடம் கடைசியில் சொன்னது இதுதான். பையன் வந்ததும் "உண்மையிலேயே வலிக்குதா?" என்று கேட்காதீர்கள், "எதைச் செய்ய முடியும், எதைச் செய்யக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார்?" என்று கேளுங்கள். மற்றவர்கள் கேட்டால், அவன் உடம்பு விவரம் அவன் சொன்னால் ஒழிய நமக்குத் தெரிய வேண்டியதில்லை, உங்களுக்கு ஓவர்டைம் கூடினால் அதை என்னிடம் கேளுங்கள் என்று சொல்லுங்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து போன் செய்தார். "டாக்டருங்க, யாருன்னு நான் கேக்கல. விரல்ல உறை போட்ட ஆளுக்கு ஸ்டோர்ல என்ட்ரி போடற வேலை குடுக்கலாமுங்களா? வலது கை நல்லாத்தான் இருக்குது." கொடுக்கலாம், கையுறை மட்டும் மாட்டச் சொல்லாதீர்கள், பேலட் எதையும் தூக்க விடாதீர்கள் என்றேன். எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லச் சொன்னார்.