கிளாக் ஸ்பிரிங் என்னும் சுருள்நாடா

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய காரில் ஒருநாள் ஹாரன் அடிக்காமல் போகும். அல்லது ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் எவ்வளவு ஒடித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து அடித்தும் அடிக்காமலும் இருக்கும். கூடவே காற்றுப்பைக்குரிய (ஏர்பேக்) எச்சரிக்கை விளக்கு எரிந்தபடியே நிற்கும்; ஸ்டீயரிங்கில் பதித்த ஒலியளவுப் பொத்தான்களும் வேலை செய்யா. ஃபியூஸையும் ரிலேயையும் சோதித்துவிட்டு மெக்கானிக் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: “கிளாக் ஸ்பிரிங் போயிருக்கு, மாத்தணும்.” ஸ்டீயரிங்குக்குள் கடிகாரம் எப்படி வந்தது என்று வண்டிக்காரர் விழிப்பதில் வியப்பில்லை, ஏனென்றால் அங்கே கடிகாரமும் கிடையாது, சரியான பொருளில் ஸ்பிரிங்கும் கிடையாது.

ஸ்டீயரிங் சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் தண்டின் மேல்முனைக்கும் இடையே பொருத்தப்படும் வட்டமான பிளாஸ்டிக் கூடு ஒன்றைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. கூட்டின் வெளிப்பகுதி தண்டின் உறையோடு அசையாமல் நிற்க, உட்பகுதி சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். இரண்டையும் இணைப்பது, மெல்லிய செப்புப் பட்டைகளைப் பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே வைத்து ஒட்டிய தட்டையான நாடா. கொசுவர்த்திச் சுருளைப் போல அந்த நாடா கூட்டுக்குள் சுற்றப்பட்டிருக்கும். சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பும்போது நடுவில் இறுகிக்கொள்ளும். மறுபக்கம் திருப்பும்போது தளர்ந்து கூட்டின் ஓரத்துக்கு விலகும். எந்த நிலையிலும் மின்னிணைப்பு அறுபடுவதில்லை. ஹாரன், காற்றுப்பை, ஒலிக் கட்டுப்பாடு, வேகத்தை நிலைநிறுத்தும் குரூஸ் கட்டுப்பாடு ஆகிய அனைத்துக்கும் உரிய மின்தடங்கள் அந்த ஒரே நாடாவில் அடுத்தடுத்து ஓடுகின்றன.

இந்தப் பாகம் காற்றுப்பையோடு சேர்ந்து பரவியது. அதற்கு முன் ஸ்டீயரிங்கில் மின்சாரம் தேவைப்பட்டது பெரும்பாலும் ஹாரனுக்கு மட்டுமே. ஒரு பித்தளை வளையமும் அதன்மேல் உரசி நிற்கும் ஒரு தொடுமுனையும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. மின்னியற்றியைப் பற்றிப் படித்தவர்கள் நம் பாடநூல்களில் கண்ட நழுவு வளையமும் தூரிகையும்தான் அவை. தூசு படிந்தால் ஹாரன் ஒரு கணம் விக்கும், மறுகணம் அடித்துவிடும். அதனால் யாருக்கும் பெரிய கேடு இல்லை. காற்றுப்பையின் கதை அப்படிப்பட்டது அன்று. மோதல் நிகழ்ந்த பிறகு நொடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள் பை விரிந்தாக வேண்டும். அதைப் பற்றவைக்கும் மின்துடிப்பு வரும் அதே கணத்தில் தொடுமுனை விக்கினால் மறுவாய்ப்பு கிடையாது. ஆகவே உரசும் தொடர்பை விட்டு, அறுபடாத ஒரே கம்பியாக ஓடும் நாடாவை வாகனப் பொறியாளர்கள் நாடினர். 1981-இல் மெர்சிடிஸ் பென்ஸ் தன் எஸ் வகுப்புக் காரில் ஓட்டுநர் காற்றுப்பையைத் தந்தது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல்தான் ஓட்டுநர் காற்றுப்பை எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது என்பதால், அதற்கு முன் விற்ற மலிவு விலை மாதிரிகள் பலவற்றில் காற்றுப்பையே இருக்காது.

இனிப் பெயருக்கு வருவோம். கிளாக் என்னும் ஆங்கிலச் சொல் இடைக்கால இலத்தீனின் கிளோக்கா என்பதோடு உறவுடையது. அதன் பொருள் மணி, அதாவது அடிக்கும் மணி. நாமும் “மணி என்ன?” என்றுதானே நேரத்தைக் கேட்கிறோம்! நம்முடைய கடிகாரம் என்ற சொல்லோ குடத்தைக் குறிக்கும் வடசொல்லின் வழியில் வந்தது. துளையிட்ட கிண்ணத்தில் நீர் ஏறும் கணக்கில் நாழிகை அளந்த காலத்தின் நினைவு அதில் இருக்கிறது. ஸ்பிரிங் என்பதன் பழைய ஆங்கில வேர் துள்ளுதல், பாய்தல் என்னும் பொருளது. நீர் துள்ளி வரும் ஊற்றுக்கும், செடி துளிர்த்து எழும் இளவேனிலுக்கும், அழுத்தினால் துள்ளித் திரும்பும் கம்பிக்கும் ஆங்கிலத்தில் அது ஒன்றே சொல்லாக நிற்பதால்தான், சூழல் அறியாமல் பெயர்ப்பவர் கையில் இந்தக் கார்ப் பாகம் ‘கடிகார வசந்தம்’ ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஐரோப்பாவில் எடைக்கல் தொங்கவிட்டு ஓட்டிய கடிகாரங்களுக்குப் பின், 15-ஆம் நூற்றாண்டில் எஃகுப் பட்டையைச் சுருட்டி அதன் விசையால் ஓடும் கடிகாரங்கள் வந்தன. நாம் சாவி கொடுக்கும்போது இறுகுவது அந்தப் பட்டைதான். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் அதை மெயின் ஸ்பிரிங் என்பார்கள். கடிகாரத்துக்குள் இன்னொரு சுருளும் உண்டு: 1675-இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் வெளியிட்ட, மயிரிழை போன்ற சமன்சக்கரச் சுருள். காரில் உள்ள பாகம் எதைப் பார்த்துப் பெயர் பெற்றது என்றால், முதலாவதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வட்டக் கூட்டுக்குள் அகலமான பட்டை நடுவுக்கும் ஓரத்துக்குமாக இறுகித் தளரும் காட்சி இரண்டிலும் அச்சாக ஒன்றே. தவிரவும், தட்டையாகச் சுருட்டிய பட்டைச் சுருள்களைப் பொதுவாகவே கிளாக் ஸ்பிரிங் என்று அழைக்கும் வழக்கம் ஆங்கிலத் தொழில்மொழியில் உண்டு. தச்சரும் கொத்தனாரும் இழுத்துவிட்டால் தானே உள்ளே ஓடிவிடும் அளவுநாடாவுக்குள் இருப்பதும் அந்த வகைதான். ஆனால் அங்கே இருப்பது உண்மையான ஸ்பிரிங். இழுத்த விசையைச் சேர்த்துவைத்துத் திருப்பித் தருகிறது. காரில் உள்ளது எதையும் சேர்த்துவைப்பதில்லை, மின்சாரத்தைக் கடத்துவது ஒன்றே அதன் பணி. உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் செயலைப் பற்றித் தவறான எண்ணத்தைத் தருகிறது.

வேறு சில நிறுவனங்கள் தம் கையேடுகளில் இன்னும் பொருத்தமான பெயர்களை வைத்திருக்கின்றன. டொயோட்டா இதை ஸ்பைரல் கேபிள் என்கிறது, ஹோண்டா கேபிள் ரீல் என்கிறது, சுசுகி காண்டாக்ட் காயில் என்கிறது. ஜெர்மானியர் வழங்கும் விக்கெல்ஃபெடர் என்ற சொல்லுக்குச் சுற்றிய ஸ்பிரிங் என்று பொருள். கடிகாரத்தை விட்டுவிட்டார்கள், ஸ்பிரிங்கை விடவில்லை. உதிரிபாகக் கடைக்குப் போகிறவர் இந்தப் பெயர்களை அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது எதுவாகவும் இருக்கலாம்.

பெயர் தரும் தவறான எண்ணம் சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதில்லை, மாற்றும் வேலையில் காசையும் கேட்கிறது. ஸ்பிரிங் என்று கேட்டவர், விட்டால் அது தானாக நடுநிலைக்குத் திரும்பிவிடும் என்று நினைப்பார். சுருள்நாடாவுக்கு அந்தக் குணம் இல்லை. எங்கே விட்டோமோ அங்கேயே கிடக்கும். நடுநிலை தவறிய நாடாவைப் பூட்டி வண்டியை எடுத்தால், முதல் முழுத் திருப்பத்திலேயே ஒரு பக்கம் நீளம் போதாமல் அறுந்துவிடும். புதிய பாகம் நடுநிலையில் பூட்டப்பட்டு, ஒரு சிறு முளையோ ஒட்டுத்தாளோ வைத்து வருவது அதனால்தான். பொருத்தி முடிக்கும்வரை அதை எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால், ஒரு பக்கம் நிற்கும்வரை மெதுவாகத் திருப்பி, அங்கிருந்து கையேடு சொல்லும் சுற்றுகளை, பல வண்டிகளில் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுகளை, எண்ணித் திரும்பி வந்து குறிகளை நேர்ப்படுத்த வேண்டும். முன்சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும் என்பது இதற்கெல்லாம் முந்திய நிபந்தனை. பழைய நாடா அறுவதற்கும் பல சமயம் இதே காரணம் உண்டு: முன்சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டமான ஸ்டீயரிங் ரேக்கின் வேலைக்காகத் தண்டைக் கழற்றியவர்கள் ஸ்டீயரிங் சக்கரத்தைக் கட்டிவைக்காமல் விட, அது தன்போக்கில் இரண்டு சுற்றுச் சுழன்றிருக்கும். தூசும் ஒரு பகை. 2007 முதல் 2010 வரையிலான ஜீப் ராங்ளர் வண்டிகளை அமெரிக்காவில் 2016-இல் திரும்ப அழைத்ததற்கு, இந்தக் கூட்டுக்குள் புழுதி சேர்ந்து இணைப்பைக் கெடுத்ததே காரணம்.

காற்றுப்பையைக் கழற்றாமல் இந்தப் பாகத்தை எட்ட முடியாது என்பதால் வேலை பாட்டரியிலிருந்து தொடங்குகிறது. எதிர்முனையைக் கழற்றிய பிறகும் காற்றுப்பைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்தேக்கியில் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கும். டொயோட்டா 90 நொடியும் ஹோண்டா 3 நிமிடமும் பொறுக்கச் சொல்கின்றன. கழற்றிய பையை முகம் மேல்நோக்க வைக்க வேண்டும். அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கவே கூடாது. நட்டைத் தளர்த்தும் முன் தண்டுக்கும் சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு கோடு கிழித்துக்கொள்வதும், இறுகிப்போன சக்கரம் திடீரென்று முகத்தில் மோதாதபடி நட்டைச் சில மரையில் விட்டுவைத்து ஆட்டுவதும் அனுபவம் கற்றுத்தந்த பழக்கங்கள்.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? ஸ்பிரிங் என்பதற்குத் தமிழகப் பாடநூல்கள் சுருள்வில் என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் வில் என்றே நின்று, சுருள்வில் தராசு அங்கே விற்றராசு ஆகிறது. ஆங்கிலம் துள்ளலைப் பார்த்துப் பெயரிட்ட பொருளுக்குத் தமிழ் வில்லைக் கண்டு பெயரிட்டது. வளைத்தால் விசையை ஏற்று, விட்டால் எய்துவிடுவது வில்லின் இயல்பு. அந்த அளவில் அது அழகான ஆக்கம். ஆனால் அதே காரணத்தால் கடிகாரச் சுருள்வில் என்னும் நேர்ப்பெயர்ப்பு இங்கே ஆங்கிலத்தின் தவற்றை இன்னும் அழுத்தமாகச் சொல்லிவிடும். வில் என்ற பகுதி போக வேண்டும், கடிகாரமும் வேண்டாம். எஞ்சுவது சுருள். அது தனியே நின்றால் கம்பிச்சுருளாக, பட்டறையில் காயில் என்றாலே நினைவுக்கு வரும் இக்னிஷன் காயிலாகத் தோன்றிவிடும். சுருள்வடம் எனலாம் என்றால், வடம் என்றதும் தேர்வடம் போல உருண்டு திரண்ட ஒன்றுதான் கண்முன் வருகிறது. தட்டையாகவும் மெல்லியதாகவும் நீள்வதைத் தமிழர் நாடா என்கிறோம்: ஒலிநாடா, அளவுநாடா, திறப்பு விழாவில் வெட்டும் நாடா. ஆகவே சுருள்நாடா என்பதையே நான் தேர்வேன். எந்தச் சுருள்நாடா என்று ஐயம் வரும் இடத்தில், ஸ்டீயரிங்கைக் குறிக்கும் திசைமாற்றி என்ற சொல்லைச் சேர்த்துத் திசைமாற்றிச் சுருள்நாடா என்று விரித்துக்கொள்ளலாம். கப்பலின் சுக்கானை முன்னொட்டாக்குவாரும் இருக்கலாம். சுக்கான் என்பதோ அரபியிலிருந்து கடலோடிகளோடு வந்த சொல்.

கடையில் பாகம் வாங்கும்போது கிளாக் ஸ்பிரிங் என்றே கேட்க வேண்டியிருக்கும், அதில் தவறில்லை. கையேட்டிலும் பயிற்சிப் பாடத்திலும் எழுதும்போது இப்படி எழுதலாம்: “முன்சக்கரங்களை நேராக நிறுத்திய பின், சுருள்நாடாவை நடுநிலையில் வைத்துப் பூட்டி, அதன் பிறகே முளையை அகற்றவும்.”