ஹார்ட் டிஸ்க் ஓடினால் மவுஸ் ஏன் திக்குகிறது?

"வீட்டு டெஸ்க்டாப்பில் புளூடூத் டாங்கிள் செருகி மவுஸும் ஹெட்போனும் இணைத்திருக்கிறேன். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எதையாவது காப்பி செய்யும்போது மட்டும் மவுஸ் திக்குகிறது, பாட்டு விட்டுவிட்டு வருகிறது. டாங்கிள் பழுதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பெரும்பாலும், யுஎஸ்பி துளையில் செருகும் அந்தக் குட்டி டாங்கிள் மேல் தப்பில்லை.

புளூடூத், வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் குடியிருக்கின்றன. உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம் என்பதால் அங்கே எப்போதும் நெரிசல். அதற்குள் பாட்டு பிசிறில்லாமல் வந்து சேர்வதுதான் ஆச்சரியம்.

ஹெட்போனுக்குப் பாட்டு கொண்டுவரும் வழக்கமான புளூடூத், இந்த அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்துக்கொள்கிறது. எந்தத் தடத்திலும் நிலைத்து நிற்காது. நொடிக்கு 1600 முறை வரை தாவும். வெளியிலிருந்து பார்த்தால் தாறுமாறான தாவல். ஆனால் கணினியின் புளூடூத் முகவரியையும் அதன் உள்கடிகாரத்தையும் வைத்து ஒரு கணக்குப் போட்டால் அடுத்த தடம் எதுவென்று தெரிந்துவிடும். இணைப்பு ஏற்படும்போதே ஹெட்போன் இவ்விரண்டையும் வாங்கிக்கொள்கிறது. அப்புறம் "அடுத்து எங்கே?" என்று கேட்க வேண்டியதே இல்லை. இரண்டும் தனித்தனியே அதே கணக்கைப் போட்டு, ஒரே கணத்தில் ஒரே தடத்தில் போய் நிற்கின்றன!

2003இல் வந்த புளூடூத் 1.2 பதிப்பில் இன்னொரு சாமர்த்தியமும் சேர்ந்தது. பக்கத்து வைஃபை சுமார் 20 தடங்களை அடைத்துக்கொண்டால், பாண்டி ஆட்டத்தில் எதிராளி பிடித்த கட்டத்தை மிதிக்காமல் தாண்டுவதுபோல, அந்தத் தடங்களை விட்டுவிட்டு மற்றவற்றில் மட்டும் தாவும். இப்போதைய மவுஸ்கள் பலவும் பயன்படுத்தும் குறைமின் (Low Energy) புளூடூத்துக்குத் தரவுத் தடங்கள் 37தான். உத்தி அதேதான்.

நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலும் டார்பிடோவை இயக்க இப்படித் தாவும் ரேடியோவுக்கு 1942இல் காப்புரிமை பெற்றார்கள். பியானோ கட்டைகளின் எண்ணிக்கைப்படி 88 அலைவரிசைகள். அதற்காக லமாரே புளூடூத்தைக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது மிகை.

சரி, இவ்வளவு தாவியும் மவுஸ் ஏன் திக்குகிறது? எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் யுஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது, அதன் கேபிளிலிருந்தும் செருகுமிடத்திலிருந்தும் கசியும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை முழுவதையும் மூடுகிறது. தாவித் தப்பிக்க ஒரு தடம்கூட மிச்சமில்லை. இதை அளந்து 2012இல் அறிக்கை வெளியிட்டது இன்டெல். பல புளூடூத் கருவிகள் அனுப்பும் திறனே 2.5 மில்லிவாட்தான், டாங்கிளுக்கு வந்து சேர்வது அதில் மிகச் சிறு பங்கு, எனவே பக்கத்துத் துளையிலிருந்து வரும் கசிவே அதை அமுக்கப் போதும்.

இவ்வளவு சிறிய திறனுக்குப் பயந்துதான் "கதிர்வீச்சுத் தடுப்பு" ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுகிறார்கள். அது உண்மையிலேயே தடுத்தால் மவுஸே வேலை செய்யாதே! 2020இல் ராஷ்டிரிய காமதேனு ஆயோக் என்ற அரசு அமைப்பே கதிர்வீச்சைக் குறைக்கும் என்று மாட்டுச் சாணத்தில் செய்த சிப்பை அறிமுகப்படுத்த, அறிவியலாளர்கள் ஆதாரம் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அந்த அக்கறையை அரசு ஆய்வுக்கூடங்களின் நிதியில் காட்டியிருக்கலாம்.

வாசகருக்கு: கேபினட்டின் பின்பக்கம், நீல நிற யுஎஸ்பி 3.0 துளைக்கு அருகில் டாங்கிள் இருந்தால் எடுத்துவிடுங்கள். அங்கே கேபினட்டின் இரும்பும் அலையை மறைக்கும். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேசை மேல் மவுஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.