பேய்ச்சுரை, ஊமத்தை, மணி பிளான்ட்: கேஷுவால்டில இருந்து ஒரு டாக்டர் எழுதறேன்

காலையில வெறும் வயித்துல சுரைக்காய் ஜூஸ் குடிக்கற பழக்கம் இப்போ எல்லா ஊர்லயும் வந்துடுச்சு. சுகர் குறையும், கொழுப்பு கரையும், தொப்பை போகும்னு யாராவது ஃபார்வர்ட் பண்ணிருப்பாங்க. குடிக்கறவங்க குடிங்க, நான் வேண்டாம்னு சொல்ல வரல. ஆனா மிக்ஸியில போடறதுக்கு முன்னாடி அந்தக் காயில ஒரு சின்ன துண்டு நறுக்கி நாக்குல வச்சுப் பாருங்க. கசந்துச்சுன்னா துப்பிட்டு வாயைக் கொப்பளிச்சுட்டு காயை அப்படியே குப்பையில போட்டுடுங்க. இதுக்கு மேல படிக்க நேரமில்லன்னாலும் பரவால்ல, இதை மட்டும் வீட்ல சொல்லிடுங்க.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, இந்த மாதிரி கேஸ் வர்றப்போ கூட வர்றவங்க யாருமே ஜூஸை சந்தேகப்படறதில்ல. ஒருத்தர் வந்தார், அம்பது வயசுக்கு மேல, தினமும் வாக்கிங் போற ஆள், நல்ல உடம்பு. ஒரு மணி நேரமா நிக்காம வாந்தி, கடைசியில ரத்தமா வருது, பிபி எம்பதுக்கு கீழ இறங்கிடுச்சு, கை காலெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. என்ன சாப்டீங்கன்னு கேட்டா ஒண்ணுமே சாப்பிடல டாக்டரம்மா, ஜூஸ் மட்டும்தான்னு சொல்றாரு. அப்பதான் அவர் வீட்டம்மா அழுதுகிட்டே சொல்றாங்க, "கசக்குதுடின்னு சொன்னாரு, மருந்துன்னா கசக்கத்தான் செய்யும், மூக்கைப் பிடிச்சுட்டு குடிங்கன்னு நான்தாம்மா சொன்னேன்". அவர் பொழைச்சுட்டார், ஐசியுல வச்சு சலைன் மேல சலைன் போட்டுத்தான். இந்த விஷத்துக்கு மாத்து மருந்துன்னு எதுவும் கிடையாது, உடம்பு தாக்குப்பிடிக்கற வரைக்கும் நாங்க முட்டுக்குடுத்து நிக்கணும், அவ்ளோதான்.

சுரை, பீர்க்கு, புடலை, வெள்ளரி, பூசணி எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துக்கு பூச்சியையும் ஆடு மாட்டையும் விரட்ட இயற்கையிலயே ஒரு கசப்பு விஷம் உண்டு, குக்குர்பிட்டசின்னு பேரு. தலைமுறை தலைமுறையா கசக்காத காயோட விதையையே எடுத்து எடுத்துப் போட்டு நம்ம ஆளுங்க அதைக் கொறைச்சு வச்சிருக்காங்க. ஆனா போகல, உள்ளேயேதான் இருக்கு. கடும் வெயில், சரியா தண்ணி இல்லாம செடி வாடறது, பக்கத்துல காட்டுக்கொடி இருந்து மகரந்தம் கலந்த காயில விதை எடுத்து அடுத்த தடவை போடறது, இப்படி ஏதாவது நடந்தா கசப்பு திரும்பி வந்துடும். வெளிய பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது, அதே பச்சை, அதே வழவழப்பு. சமைச்சா போயிடும்னும் நம்பாதீங்க. குழம்புல போட்டா ஒரு வாய் வச்ச உடனே கசக்குதுன்னு தட்டைத் தள்ளிடுவோம், அதனால பெரும்பாலும் பெருசா ஆபத்து வர்றதில்ல, ஜூஸ்லதான் ஒரு முழுக் காய் ஒரே மடக்குல உள்ள போயிடுது.

2010ல டெல்லியில ஒரு விஞ்ஞானி இதனாலயே இறந்தார், சுரைக்காய் ஜூஸோட பாகற்காய் ஜூஸையும் கலந்து குடிச்சிருந்தார். பாகற்காய் கலந்தா எந்தக் கசப்பு எதோடதுன்னு எப்படித் தெரியும்? அதுக்கப்புறம் ஐ.சி.எம்.ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், ஒரு நிபுணர் குழு போட்டு சொன்னதும் இதேதான்: முதல்ல ருசி பாருங்க, கசந்தா குடிக்காதீங்க, வேற எந்த ஜூஸோடயும் கலக்காதீங்க, குடிச்ச பிறகு குமட்டலோ வாந்தியோ வயித்துப்போக்கோ வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க. இது நம்ம நாட்டுல மட்டும் நடக்கறதும் இல்ல, 2015ல ஜெர்மனியில வீட்டுத் தோட்டத்துல விளைஞ்ச சுக்கினியை, அதுவும் இதே பூசணிக் குடும்பத்துக் காய்தான், சமைச்சு சாப்பிட்டு ஒரு பெரியவர் இறந்திருக்கார்.

இப்ப தலைப்புல இருக்கற பேய்ங்கற பேருக்கு வர்றேன். கிராமத்துல வளர்ந்தவங்களுக்கு பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்கொம்மட்டி எல்லாம் தெரிஞ்சிருக்கும். நாலும் இதே குடும்பம், நாலுமே கடும் கசப்பு. வேலியில படர்ந்து கிடக்கும், காய் பாக்க நல்லா இருக்கும், ஆனா பேய்னு பேர் சொல்லிட்டா எந்தப் புள்ளையும் கை வைக்காது. எங்க பாட்டி காலத்துல அந்தப் பேரே போதுமா இருந்துச்சு. இப்ப என்னன்னா அதே பேய்க்கொம்மட்டியை சுகருக்கு நல்லது, மலச்சிக்கலுக்கு நல்லதுன்னு வீடியோல சொல்றாங்க, பேர்ல இருக்கற பேயை மட்டும் விட்டுட்டு. அதைத் தின்னுட்டு ரத்தமா வயித்துக்கு போகுதுன்னு வர்றாங்க, மூலமா இருக்குமோ கேன்சரா இருக்குமோன்னு பயந்து போய் வர்றாங்க. சித்த மருத்துவத்துல இதெல்லாம் மருந்தா இருக்குன்னு சொல்வீங்க, ஆமா இருக்கு, சுத்தி பண்ணி, அளவு பாத்து, படிச்ச வைத்தியர் குடுக்கறது அது. நாமளே வேலியில பறிச்சு அரைச்சுக் குடிக்கறது வேற.

பேய்னு பேர் இருக்கற எல்லாமே விஷம்னு நினைச்சுடாதீங்க. பேய்மிரட்டி இருக்கே, அதோட பச்சை இலையை முறுக்கி எண்ணெயில நனைச்சு விளக்குத்திரியா எரிய வைப்பாங்க, காய்ச்சலுக்கு ஆவி பிடிப்பாங்க. அதனால ஒருத்தரும் என்கிட்ட வந்ததில்ல.

ஊமத்தை அப்படி இல்ல. இங்கிலீஷ்ல இதுக்கு டெவில்ஸ் ட்ரம்பெட்னு பேரு, பேய் ஊதற எக்காளம். தமிழ்ப் பேர்ல பேய் இல்லன்னாலும் இதைத் தின்னவரைப் பாத்தா வீட்ல இருக்கறவங்க பேய் பிடிச்சிருக்குன்னுதான் முடிவு பண்றாங்க.

அறுபது வயசுப் பெரியவர் ஒருத்தரை மகன்கள் ரெண்டு பேரும் கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்க. நெத்தி நிறைய விபூதி, சட்டைக்குள்ள வேப்பிலை உதிர்ந்து கிடக்கு. சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்தார், திடீர்னு யார்கிட்டயோ பேச ஆரம்பிச்சார், வேட்டியை அவுத்துட்டு ஓடினார், கோடாங்கிகிட்ட கூட்டிட்டு போய் வேப்பிலை அடிச்சும் அடங்கலன்னு சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தேன். இடது கை விரல் நுனியில இருந்து வலது கையால மெல்ல ஒரு நூலை இழுக்கறார், கண்ணுக்குக் கிட்ட கொண்டு போய் ஊசியில கோக்கறார், முடிச்சுப் போடறார், மறுபடியும் இழுக்கறார். நூலும் இல்ல, ஊசியும் இல்ல. தையல்காரராப்பான்னு கேட்டேன், இல்லீங்கம்மா கரும்பு வெட்டற வேலைன்னாங்க. இந்த நூல் இழுக்கறது ஊமத்தை விஷத்துக்குன்னே தடயவியல் புஸ்தகத்துல எழுதி வச்சிருக்கற அடையாளம். டார்ச் அடிச்சா கண்ணுப் பாப்பா சுருங்கவே இல்ல, அகலமா விரிஞ்சு நிக்குது. உடம்பு கொதிக்குது, ஒரு சொட்டு வேர்வை இல்ல, நாக்கு காஞ்சு கிடக்கு, அடிவயிறு உப்பி இருக்கு. டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல யூரின் வந்துச்சு, பாவம், அடைச்சுப் போய் சொல்லத் தெரியாம துடிச்சிருக்கார். அப்புறம்தான் மருமக பொண்ணு மெதுவா வந்து, "மாமாவுக்கு இளைப்பு ஜாஸ்தியா இருந்துச்சுங்க, பக்கத்து வீட்ல ஊமத்தை எலை கஷாயம் குடிக்கச் சொன்னாங்க"ன்னுச்சு. மறுநாள் சாயங்காலம் எழுந்து உக்காந்து காபி கேட்டார். நடந்தது ஒண்ணுமே அவருக்கு ஞாபகம் இல்ல.

கோடாங்கி வீட்ல போன அந்த ரெண்டு மணி நேரத்தைப் பத்திதான் எனக்குக் கவலை. ஊமத்தையில இருக்கற அட்ரோபின், ஸ்கோபோலமின்ங்கற விஷமெல்லாம் வேர்வையை நிறுத்திடும், அதனால சூடு ஏறிக்கிட்டே போகும். அந்த நிலைமையில ஒருத்தரைக் கட்டிப் போட்டு அடிக்கறதும், மிளகாப் புகை போடறதும், வெயில்ல உக்கார வைக்கறதும் எவ்ளோ ஆபத்துன்னு யோசிச்சுப் பாருங்க. சாமி மேல நம்பிக்கை இருக்கறவங்க கோயிலுக்கு தாராளமா போங்க, ஆஸ்பத்திரியில காட்டிட்டு அப்புறம் போங்க. மனநோய் எதுவும் இல்லாத ஆள் சில மணி நேரத்துக்குள்ள திடீர்னு உளற ஆரம்பிச்சா, கூடவே உடம்பு சூடா, வாய் வறண்டு, கண்ணு விரிஞ்சு இருந்தா அது எங்ககிட்ட வர வேண்டிய கேஸ்.

இளைப்புக்கு ஊமத்தைங்கறது பொய்யும் இல்ல, பழைய வைத்தியம்தான். 1800கள்ல நம்ம மெட்ராஸ்ல பாத்துட்டு போய்தான் வெள்ளைக்காரங்க ஆஸ்துமாவுக்கு ஊமத்தை புகை பிடிக்க ஆரம்பிச்சாங்க. ஆனா அதுல இருக்கற நல்லது இப்ப இன்ஹேலர்லயே இருக்கு, இப்ராட்ரோபியம்னு ஒரு மருந்து, அட்ரோபின்ல இருந்து உருவாக்கினது, மூச்சுக்குழாயை மட்டும் விரிக்கும், அளவும் மாறாது, மூளைக்கும் போகாது. செடியில அப்படி அளவே இல்ல, ஒரு செடியில கொஞ்சம், பக்கத்துச் செடியில நிறைய, விதையில இன்னும் நிறைய.

2020 ஏப்ரல்ல ஆந்திராவுல சித்தூர் மாவட்டத்துல நடந்தது ஞாபகம் இருக்கா? ஊமத்தங்காய் உருண்டையா முள்ளு முள்ளா கொரோனா வைரஸ் படம் மாதிரியே இருக்கு, அதனால அதுதான் மருந்துன்னு ஒரு டிக்டாக் வீடியோ. அதை நம்பி ரெண்டு குடும்பம் மொத்தமா விதையை அரைச்சுக் குடிச்சுட்டு ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. தெரியாம கலந்து வர்றதும் உண்டு, 2019ல உகாண்டாவுல நிவாரணமா குடுத்த சத்துமாவுல ஊமத்தை கலந்து போய் கிட்டத்தட்ட 300 பேர் பாதிக்கப்பட்டாங்க, 5 பேர் இறந்தாங்க. நம்ம வீட்ல கவனிக்க வேண்டியது மிளகாய் விதையும் ஊமத்தை விதையும். மிளகாய் விதை மெலிசா, வெளுத்த மஞ்சளா, வட்டமா இருக்கும், ஊமத்தை விதை கொஞ்சம் தடிமனா பழுப்பா சிறுநீரக வடிவத்துல இருக்கும்.

பூஜைக்கு ஊமத்தம்பூ பறிக்கறவங்களுக்கு ஒண்ணு. பறிச்சுட்டு கையைக் கழுவாம கண்ணைக் கசக்கிடாதீங்க. ஒரு கண்ணு மட்டும் பாப்பா பெருசாகி பார்வை மங்கும், மூளையில ரத்தக்கசிவோன்னு பயந்து சிடி ஸ்கேன் வரைக்கும் போயிடும். பறிக்கக் கூடாதுன்னு இல்ல, சோப்பு போட்டுக் கழுவினா போதும். அப்புறம் ஊட்டி, கொடைக்கானல் போறவங்க வேலி ஓரமா மணி மாதிரி தொங்கற பெரிய வெள்ளை, மஞ்சள் பூ பாத்திருப்பீங்க, அதுக்கு இங்கிலீஷ்ல ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட்னு பேரு, தேவதையோட எக்காளம். ரெண்டுலயும் ஒரே விஷம்தான், குழந்தைங்க பூவை வாயில வைக்காம பாத்துக்கங்க.

மணி பிளான்டுக்கும் ஒரு பேய்ப் பேர் உண்டு, டெவில்ஸ் ஐவி. இது உயிரை எடுக்கற அளவுக்கு இல்ல. கருணைக்கிழங்கு நாக்கை அரிக்குமே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிங்கதான் இந்த இலையிலயும் இருக்கு. தவழற குழந்தை கடிச்சா வீல்னு கத்தும், எச்சில் ஒழுகும், உதடு தடிக்கும். ஈரத்துணியால வாயைத் துடைச்சுட்டு குளிர்ந்த பால் குடுங்க. நாக்கு வீங்கினாலோ, குரல் மாறினாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே கிளம்புங்க.

பேர்ல பேய் இல்லாததுங்கதான் எங்களை அதிகம் அழ வைக்குதுன்னும் சொல்லணும். அரளி, ஒடுவந்தழை, நம்ம மாநிலப் பூவான செங்காந்தள். செங்காந்தள் கிழங்கை வள்ளிக்கிழங்குன்னு நினைச்சு சமைச்சவங்க உண்டு. முதல் நாள் வாந்தி பேதியோட நின்ன மாதிரி இருக்கும், அதுக்கப்புறம்தான் ரத்த அணுக்கள் குறைய ஆரம்பிக்கும். அதனால வாந்தி நின்னுடுச்சுன்னு வீட்டுக்கு கூட்டிட்டு போக அவசரப்படாதீங்க.

எந்தச் செடியா இருந்தாலும் வீட்ல செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உப்புத்தண்ணி, சோப்புத்தண்ணி, பச்சை முட்டை குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, அரை மயக்கத்துல இருக்கறவருக்கு அது நுரையீரலுக்குள்ள போயிடும். 108க்கு போன் பண்ணிட்டு, மிச்ச ஜூஸ், கஷாயச் சக்கை, பறிச்ச கொடியில ஒரு கிளை காயோட, எது கிடைக்குதோ ஒரு கவர்ல போட்டுக் கொண்டு வாங்க, இலையை மட்டும் காமிச்சா பல சமயம் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை மணிக்கு சாப்பிட்டாங்க, வேற யார் சாப்பிட்டாங்கன்னு கேட்டு வையுங்க, ரெண்டாவது ஆளுக்கு அறிகுறி லேட்டா வரலாம். நாட்டு வைத்தியம் பண்ணதைச் சொன்னா டாக்டர் திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க, அந்த மருமக பொண்ணு சொன்ன ஒரு வார்த்தையாலதான் அந்தப் பெரியவருக்கு தேவையில்லாத டெஸ்ட் பத்து மிச்சமாச்சு. டெல்லி எய்ம்ஸ்ல விஷ முறிவுத் தகவல் மையம் 24 மணி நேரமும் இருக்கு, 1800 116 117, கட்டணம் இல்ல. உங்க ஊர் சின்ன ஆஸ்பத்திரின்னா டியூட்டில இருக்கற டாக்டர்கிட்டயும் இந்த நம்பரைக் குடுங்க, எங்களுக்கும் அவங்க வழி சொல்வாங்க.